நகராத பேஸ், நிற்காத வாய்: தி ஃபால் பாடல்களை எப்படிக் கேட்பது

1978 ஆகஸ்டில் தி ஃபால் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் 'ரிபெடிஷன்' என்று ஒரு பாட்டு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்போம், எங்களுக்கு அதுதான் பிடிக்கும், அதை ஒருநாளும் விடமாட்டோம் என்று அறிவிக்கிற பாட்டு அது. ஜனாதிபதி கார்ட்டருக்கும் இது பிடிக்கும், மாவோவுக்கும் பிடித்திருந்தது என்று சாட்சிக்கு ஆள் வேறு சேர்த்துக்கொள்கிறது. வேகமும் முரட்டுத்தனமுமான ராக் இசையான பங்க் வாசித்த மற்ற குழுக்கள் இரண்டரை நிமிடத்தில் தலைதெறிக்க ஓடி முடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஐந்து நிமிடம் நடைவேகத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று வாசித்தார்கள். கேட்பவர்களைச் சீண்டுவதற்காகச் செய்த வேலை என்றுதான் அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும். அடுத்த நாற்பது ஆண்டுகள், முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள், இந்தக் குழு அந்த அறிவிப்பிலிருந்து பின்வாங்கவே இல்லை.

தி ஃபால் பற்றி யார் எழுதினாலும் பேச்சு உடனே அதன் பாடகர் மார்க் ஈ. ஸ்மித்தின் குடி, கோபம், அவர் வேலையைவிட்டுத் துரத்திய இசைக்கலைஞர்களின் எண்ணிக்கை என்று போய்விடும். எல்லாம் நடந்ததுதான், பின்னால் அங்கேயும் வருகிறேன். ஆனால் இந்தப் பாட்டுகள் இன்றும் ஏன் பழசாகவில்லை என்று கேட்டால் என் பதில் வேறு. அடியில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒன்று அசையாமல் நிற்கிறது. அதை நம்பித்தான் மேலே ஒரு மனிதர் எந்த ஒழுங்கும் இல்லாமல் கதை சொல்கிறார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது விழுந்துவிடும்.

குழு தொடங்கியது 1976இல், மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச்சில். ஸ்மித், மார்ட்டின் பிராமா, ஊனா பெயின்ஸ், டோனி ஃப்ரியல் என்று நான்கு நண்பர்கள். புத்தகப் பைத்தியங்கள்; குழுவின் பெயரையே ஆல்பேர் காம்யுவின் நாவலிலிருந்து எடுத்தார்கள். அந்த ஆண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு மான்செஸ்டரில் நடத்திய கச்சேரியைப் பார்த்துத் துணிவு பெற்ற பல குழுக்களில் இதுவும் ஒன்று. ஸ்மித்துக்கு அப்போது துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ஊனா மனநல மருத்துவமனையில் தாதிப் பயிற்சியில் இருந்தார். இந்த இரண்டு வேலையிடங்களும் ஆரம்பகாலப் பாட்டுகளில் நன்றாகவே தெரிகின்றன. முதல் இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு, தம்போலா மாதிரியான பிங்கோ ஆட்டத்தில் எண் கூப்பிட்டுக் கூப்பிட்டே புத்தி பிசகிப்போகும் ஒருவரைப் பற்றியது. காதல் தோல்வியோ புரட்சியோ அல்ல, பிங்கோ கூப்பிடுபவர். இப்படி ஒரு ஆளைப் பாட்டுக்குள் கொண்டுவரத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

போஸ்ட்-பங்க் என்று இன்று சொல்லப்படுவது, பங்க் ஓய்ந்தபின் அதன் துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு சத்தத்தை மாற்றிப் பார்த்தவர்களின் இசை. சிலர் ரெகேயிலிருந்து எடுத்தார்கள், சிலர் டிஸ்கோவிலிருந்து. அதே ஊரின் ஜாய் டிவிஷன் குழு இருளையும் வெறுமையையும் எடுத்துக்கொண்டது. தி ஃபால் எடுத்தது ஐம்பதுகளின் ராக்கபில்லி, அறுபதுகளின் மலிவான கராஜ் ராக், அப்புறம் ஜெர்மனியின் கேன் குழுவிடமிருந்து நிறுத்தாமல் சுழலும் தாளம். இந்தச் சேர்க்கைக்கு அவர்களே வைத்த கிண்டல் பெயரும் உண்டு: 'கன்ட்ரி அண்ட் நார்தர்ன்'. அழகாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கிடையாது. முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். இரண்டாவது ஆல்பமான 'டிராக்நெட்' அடுத்த அறையில் வாசித்ததை இந்த அறையிலிருந்து பிடித்தது போலவே இருக்கும்.

முதல் தடவை கேட்பவர்களை விரட்டுவது ஸ்மித்தின் குரல். அவர் பாடுவதில்லை. ஏலம் விடுகிறவர் விலை சொல்லும் தோரணையில் பேசுகிறார், அதட்டுகிறார், திடீரென்று கீச்சென்று கத்துகிறார், வரிகளின் கடைசியில் 'அஹ்' என்று ஒரு தேவையில்லாத அசையை ஒட்டிவிட்டுப் போகிறார். சில இடங்களில் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகப் பேசுவார். சில இடங்களில் வீட்டு டேப் ரிக்கார்டரில் முன்பே பேசி வைத்ததை மைக் முன்னால் போட்டுக் காட்டுவார். சொற்களில் பாதி பிடிபடாது. ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாது என்பதால் நாம் வருத்தப்படத் தேவையில்லை. இரண்டு மூன்று முறை கேட்டபின் ஒரு விஷயம் தெரியவரும். தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளிவிழும் அந்தச் சொற்கள் கண்டபடி விழவில்லை. எங்கே இடைவெளி விட வேண்டும் என்பதில் அவர் மிகக் கறாரானவர்.

சொல்லும் விஷயத்துக்கு வருவோம். 1980இல் வந்த 'குரோட்டெஸ்க்' ஆல்பத்தில் 'நியூ ஃபேஸ் இன் ஹெல்' என்று ஒரு பாட்டு. வானொலிக் கருவியே கதி என்று கிடக்கும் ஒருவன் அரசாங்கத்தின் ரகசிய அலைவரிசையை ஒட்டுக்கேட்டுவிடுகிறான். ஊழல்களும் ரகசியங்களும் காதில் விழுகின்றன. சொல்வதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடுகிறான். அவர் மேசையில் உட்கார்ந்தபடி செத்துக்கிடக்கிறார். முப்பது விநாடிக்கு முன்புதான் விஷம் வைக்கப்பட்டிருக்கிறது. தானும் அவரும் ஓட்டுப் போட்ட அதே அரசாங்கம்தான் தங்களைக் கவிழ்த்துவிட்டது என்று அவனுக்கு உறைக்கிறது. முழு நீள சதிக்கதை ஒன்று, ஆறு நிமிடத்துக்குள். ஸ்மித் இதைச் சொல்லும் விதம் செய்தி வாசிப்பவரின் நடையில், நிகழ்காலத்தில், இடையிடையே எழுவாயை முழுங்கிவிட்டு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கசூ என்ற விளையாட்டு ஊதல் ஒன்று பிள்ளைகள் கூட்டத்தில் ஊதுவது போலக் குறுக்கே வருகிறது. கொலை நடந்திருக்கிறது, கசூ ஊதுகிறது. பயமும் கேலியும் ஒரே மூச்சில் வருவது இந்தக் குழுவின் தனிப்பட்ட சுவை. இதைப் பிடித்துவிட்டால் மற்ற பாட்டுகளுக்குள் போவது சுலபம்.

ஸ்மித் படித்தது எல்லாம் லவ்கிராஃப்ட், ஆர்தர் மேக்கன், எம். ஆர். ஜேம்ஸ், ஃபிலிப் கே. டிக் என்று அமானுஷ்யமும் அறிவியல் புனைவும். அந்த உலகங்களில் வரும் விபரீதங்களை அவர் வட இங்கிலாந்தின் மதுக்கடை, மொத்தவிலைக் கடை, லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் இடம் என்று கொண்டுவந்து இறக்கினார். 'விங்ஸ்' என்ற பாட்டில் ஒருவன் தொளதொளத்த இறக்கைகள் ஒரு ஜோடி வாங்கிக் கட்டிக்கொண்டு பறக்கப் பழகுகிறான். காலத்தின் ஏதோ ஒரு பொந்துக்குள் சிக்கி 1860களில் போய் விழுகிறான். இதைச் சொல்லும்போது ஸ்மித்தின் குரலில் வியப்பே கிடையாது. பழைய சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்கிறவர் மாதிரி சொல்கிறார். இதற்கும் கீழே ஒரே ஒரு கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டுத் துண்டு, ஆரம்பம் முதல் கடைசிவரை. இவ்வளவு நல்ல பாட்டை ஒரு சிங்கிளின் (ஒரு பாட்டை முன்வைத்து வரும் சிறிய இசைத்தட்டு) பின்பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது இன்னும் எனக்கு ஆறாத குறை.

'ஹவ் ஐ ரோட் எலாஸ்டிக் மேன்' இன்னொரு உதாரணம். புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர். எங்கே போனாலும் அந்த ஒரே புத்தகத்தை எப்படி எழுதினீர்கள் என்று பிடுங்குகிறார்கள். அவருக்கோ இப்போது எழுத்தே வரவில்லை. பல்லவியில் ஸ்மித் எலாஸ்டிக் மேன் என்று சொல்வதே இல்லை, பிளாஸ்டிக் மேன் என்கிறார். கேட்பவர்களுக்குப் புத்தகத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது என்பது என் ஊகம். இருபத்து மூன்று வயதில், பெரிதாக எந்தப் புகழும் வருமுன்பே, புகழின் தொல்லையைப் பற்றி இப்படி எழுதிவிட்டார்.

சரி, பேஸ். ஸ்டீவ் ஹான்லி 1979இல் சேர்ந்தார், 1998இல் போனார். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் கிட்டார்கள், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் மாறின, அவர் மாறவில்லை. பெரும்பாலான ராக் குழுக்களில் பேஸ், மற்ற கிட்டாரின் நிழலில் நடக்கும். தி ஃபாலில் பாட்டின் மெட்டு என்று எதையாவது முணுமுணுக்க முடியும் என்றால் அது ஹான்லி வாசித்ததாகத்தான் இருக்கும். தடித்த, தேவையற்ற அலங்காரம் இல்லாத, நாலைந்து சுரங்களில் முடியும் ஒரு வரி. அதை ஏழெட்டு நிமிடம் ஒரே அழுத்தத்தில் வாசிப்பது கேட்பதற்குத்தான் சுலபம். அவரோடு அதே ஆண்டு சேர்ந்த கிரெய்க் ஸ்கேன்லனின் கிட்டார், தாளத்தின் மேல் கோணலாகக் கீறிக்கொண்டே போகும். ஸ்மித் யாரையும் எளிதில் புகழ்கிறவர் அல்ல. அவரே ஒரு பேட்டியில் ஹான்லிதான் தி ஃபாலின் சத்தம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

இவர்கள் எல்லோரும் உச்சத்தில் இருந்தது 1982 மார்ச்சில் வந்த 'ஹெக்ஸ் என்டக்ஷன் அவர்' ஆல்பத்தில். அதில் இரண்டு டிரம்மர்கள். பெரிய கலைத்திட்டம் எதுவும் இல்லை. ஸ்டீவின் தம்பி பால் ஹான்லி பள்ளி வயதிலேயே குழுவில் சேர்ந்தவர். 1981இல் அமெரிக்கப் பயணத்துக்கு அவர் வயது இடம் கொடுக்காததால் பழைய டிரம்மர் கார்ல் பர்ன்ஸைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபின் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தற்செயல்தான் ஆல்பத்தின் எடையே. சில பாட்டுகளை ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் பதிவு செய்தார்கள், மற்றதை ஹிச்சின் என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரில். 'ஐஸ்லாந்து' என்ற பாட்டுக்கு வரிகள் என்னவென்று குழுவில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஏதாவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஓட்டல் அறைக்கு வெளியே வீசிய காற்றைப் பதிவு செய்த டேப்பை ஓடவிட்டு, ஸ்மித் அதன்மேல் பேசியிருக்கிறார். வாசித்தவர்கள் தடுமாறவில்லை. தடுமாறாமல் ஒரே இடத்தில் நிற்கத்தான் அவர்கள் வருஷக்கணக்கில் பழகியிருந்தார்களே.

அதே ஆல்பத்தின் 'ஹிப் ப்ரீஸ்ட்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். பெரும்பகுதி முணுமுணுப்பு. தன்னை யாரும் மதிக்கவில்லை என்று ஒரு பாதிரி மாதிரியான ஆள் புலம்புகிறார். பேஸ் தயங்கித் தயங்கி நடக்கிறது, எப்போதாவது முழுக் குழுவும் பாய்ந்து வந்து உடனே அடங்குகிறது. 1991இல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தின் கிளைமாக்ஸில் இந்தப் பாட்டு ஒலிக்கும். ரசிகன் என்ற முறையில் மறைக்கக்கூடாத ஒன்றும் இந்த ஆல்பத்தில் உண்டு. முதல் பாட்டான 'தி கிளாசிக்கல்' தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் ஒன்று வருகிறது. பேசுவது கதாபாத்திரம், ஸ்மித் அல்ல என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கதாபாத்திரம் யார் என்று பாட்டு எங்கேயும் காட்டுவதில்லை, அதனால் அந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. இசையாகப் பார்த்தால் ராக்கின் மிகப் பிரமாதமான தொடக்கங்களில் ஒன்று. அந்த வரி வரும்போது முகம் சுளிக்காமல் கேட்க முடிந்ததில்லை.

1983இல் அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் பிரிக்ஸ் ஸ்மித் சேர்ந்தார், ஸ்மித்தின் மனைவியும்கூட. அவர் வந்தபின் பாட்டுகளுக்கு வடிவம் தெரிந்தது, பல்லவி வந்தது, குழுவின் உடைகூடக் கொஞ்சம் சுத்தமானது. பழைய ரசிகர்கள் சிலர் இதை மன்னிக்கவே இல்லை. எனக்கு அந்தக் கோபம் புரிந்ததில்லை. 1985இன் 'திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ்' ஆல்பத்தில் பழைய முரட்டுத்தனம் அப்படியே இருக்கிறது, கூடவே நடனமும் ஆடலாம். அதில் 'பெயின்ட்வொர்க்' என்ற பாட்டின் நடுவே திடீரென்று தொலைக்காட்சியில் யாரோ நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்துவது கேட்கும். ஸ்மித் கேசட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது தெரியாமல் பதிவுப் பொத்தான் அழுந்தி, அறையில் ஓடிய டிவி சத்தம் பாட்டின் மேலேயே பதிவாகிவிட்டதாம். வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி வாசித்திருப்பார்கள். இவர்கள் அதையே ஆல்பத்தில் வெளியிட்டார்கள், இன்று அந்தத் தவறு இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 1988இல் மைக்கேல் கிளார்க்கின் பாலே நடனத்துக்கு மேடையிலேயே வாசித்தார்கள். இங்கிலாந்தின் ஆரஞ்சு வம்ச அரசர் வில்லியமைப் பற்றிய பாலே! பிரிட்டனின் சிங்கிள் தரவரிசையில் அவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த இடம் 30, அதுவும் ஆர். டீன் டெய்லரின் பழைய பாட்டு ஒன்றை மறுபடி பாடியதற்கு.

இந்தக் குழுவை வாழவைத்ததில் பிபிசி வானொலியின் ஜான் பீலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1978 முதல் 2004 வரை அவர் நிகழ்ச்சிக்காக தி ஃபால் 24 முறை ஸ்டுடியோவில் பதிவு செய்தது. எப்போதும் வேறாக, எப்போதும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று பீல் சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டிவிட்டேன். தனித்தீவுக்கு எடுத்துப்போகும் எட்டு இசைத்தட்டுகளைக் கேட்கும் புகழ்பெற்ற பிபிசி நிகழ்ச்சியில் 1990இல் அவர் எடுத்துக்கொண்ட ஒன்று, இவர்களின் 'ஈட் யர்செல்ஃப் ஃபிட்டர்'. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி அடைந்துகிடப்பது, வீடியோ கடை என்று எதையெதையோ தொட்டுக்கொண்டு போகும் ஆறரை நிமிட உளறல் அது. பீல் பதிவுகளுக்குச் செலவு செய்ய நேரம் கிடையாது: ஒரு நாள், மூன்று நான்கு பாட்டு, கிளம்பு. மற்ற குழுக்களுக்கு இது நெருக்கடி; தி ஃபாலுக்கு இதுவே சரியான அளவு. 1980இல் பதிவான 'நியூ பியூரிட்டன்' இதற்குச் சாட்சி. 'டோட்டேல்ஸ் டர்ன்ஸ்' ஆல்பத்தில் அது வீட்டில் பிடித்த கரகரப்பான துண்டு. பீலுக்காக வாசித்ததில் அது ஒரு சாபம் மாதிரி வளர்ந்து நிற்கிறது.

இனி அந்தத் துரத்தல் கதைகள். நாற்பது ஆண்டுகளில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் குழுவில் வந்துபோனார்கள். வெளியேறியவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு ஒருவர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்மித் போய் கிட்டாரிஸ்ட்டின் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகுவார், மைக்கை நகர்த்துவார், கீபோர்டில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். வாசிப்பவர்கள் சொகுசாகிவிடக்கூடாது என்பது அவர் கொள்கை. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தப் பதற்றம் பதிவுகளில் கேட்கிறது. ஆனால் ரசிகர்கள் இதைப் பெரிய வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். 1998 ஏப்ரலில் நியூயார்க்கில் மேடையிலேயே கைகலப்பு நடந்தது. ஸ்மித் தாக்குதல் குற்றச்சாட்டில் கைதானார். ஹான்லியும் பர்ன்ஸும் அத்தோடு குழுவை விட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகள் ஒருவருடைய பைத்தியக்காரத்தனத்துக்கு அடியில் தரையாக இருந்தவருக்குக் கிடைத்த விடைபெறல் இது. நானும் உன் பாட்டியும் மட்டும் இருந்தாலே அது தி ஃபால்தான் என்ற அர்த்தத்தில் ஸ்மித் அடித்த ஜோக் பிரபலம். நல்ல ஜோக்தான், ஆனால் பாட்டியால் 'ஹெக்ஸ்' ஆல்பத்தை வாசித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகும் நல்ல பாட்டுகள் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2003இன் 'தீம் ஃப்ரம் ஸ்பார்ட்டா எஃப்.சி.' கால்பந்து ரசிகர்களின் கூச்சலையே பாட்டாக்கியது. பிபிசி அதைத் தன் கால்பந்து முடிவுகள் நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக எடுத்துக்கொண்டது. 2005இல் ஸ்மித்தையே அழைத்து முடிவுகளை வாசிக்கவும் வைத்தார்கள். வாசித்தார், வழக்கமான அதே குரலில். அதே ஆண்டின் 'பிளைண்ட்னெஸ்' மறுபடி ஒற்றை பேஸ் வரியின் மேல் எழும்பிய ஏழு நிமிடம். ஹான்லி போய்விட்டாலும் அவர் போட்ட வழி போகவில்லை என்பது அதைக் கேட்டால் தெரியும். கடைசி ஆல்பம் 2017 ஜூலையில். அந்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடியதே கடைசிக் கச்சேரி. 2018 ஜனவரி 24 அன்று பிரெஸ்ட்விச் வீட்டில் புற்றுநோயால் இறந்தபோது ஸ்மித்துக்கு வயது 60. குழுவும் அத்தோடு முடிந்தது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் தொகுப்பு ஆல்பங்களில் தொடங்குவது வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1980இன் 'டோட்டலி வயர்ட்' சிங்கிளை முதலில் கேளுங்கள். காபியும் வேறு சிலதும் தலைக்கேறிய ஒருவனின் மூன்று நிமிட நடுக்கம் அது, கூடவே கத்தவும் வரும். பிடித்திருந்தால் 'குரோட்டெஸ்க்', பிறகு 'திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ்', அதன்பின்தான் 'ஹெக்ஸ்'. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். முதல் சில தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள், வார்த்தைகள் தாமாக ஒவ்வொன்றாக வரும். கணக்கில்லாமல் குவிந்துகிடக்கும் நேரடிக் கச்சேரிப் பதிவுகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம், பெரும்பாலானவை காசு பண்ணத் திரட்டியவை. விதிவிலக்கு 'டோட்டேல்ஸ் டர்ன்ஸ்'. அதில் ஒரு பாட்டின் நடுவே, பகட்டு காட்டாமல் ஒழுங்காக வாசியுங்கள் என்று ஸ்மித் தன் ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் பதிவாகியிருக்கிறது. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.